ஃபோர்டு 'ஏ' மாடலில் ஆயில் ஏறவில்லையா? பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன்

"ஆயில் பம்ப் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டுதான் பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். சேம்பரை (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறக்கிப் பார்த்தால் பல தடவை பம்ப் நன்றாகவே இருக்கும். சல்லடையை அடைத்த கசடோ, முன்பு வேலை பார்த்தவர் திரும்ப மாட்ட மறந்த ஒரு சுருள்வில்லோதான் கோளாறாக இருக்கும். பம்ப் உண்மையிலேயே கெட்டுப்போன வண்டிகளும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில் வர வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ஆயில் போகும் பாதையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ மாடலில் பம்ப் ஆயிலை வால்வு அறைக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து அது தன் எடையாலேயே மெயின் பேரிங்குகளுக்கு இறங்குகிறது. மிஞ்சிய ஆயில் இன்ஜினின் வெளிப்பக்கம் தெரியும் குழாய் வழியாகச் சேம்பரில் உள்ள தட்டுக்கு வருகிறது. கான்ராடுகளின் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பிகள்) அடியில் உள்ள கரண்டிகள் அதை அள்ளிக்கொள்கின்றன. ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்பதை இந்த இன்ஜின் பெரிதாகப் பொருட்படுத்தாது. எவ்வளவு ஆயில் போகிறது என்பதுதான் அதற்கு உயிர்.

முதல் கேள்வி: உங்கள் வண்டியில் பம்ப் இருக்கிறதா?

1908 முதல் 1927 வரை வந்த 'டி' மாடல் என்றால், தேடினாலும் பம்ப் கிடைக்காது. ஃப்ளைவீலில் பொருத்திய காந்தங்கள் சுழலும்போது ஆயிலை வாரி இறைக்கின்றன. அதில் ஒரு பங்கு புனல் போன்ற வாயில் விழுந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக இன்ஜினின் முன்பக்கத்துக்குப் போகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு.

முன்பக்கக் கான்ராடு தட்டுகிறது, முன் பேரிங் சூடேறுகிறது என்றால் இப்படிப் பாருங்கள்:

முதலில் அளவு. ஃப்ளைவீல் பெட்டியின் கீழ்ப்பகுதியில் இரண்டு சிறு குழாய்த்திருகுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஆயில் மட்டம் இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். கீழே உள்ளதைத் திறந்தும் ஆயில் வரவில்லை என்றால் வண்டியை நகர்த்தவே கூடாது.

அடுத்தது குழாய் அடைப்பு. டி மாடலின் கியர்ப் பட்டைகளில் இருக்கும் பருத்தி நார் உதிர்ந்து ஆயிலில் மிதக்கும். அது குழாயின் வாயில் பஞ்சுபோல் படிந்து அடைத்துவிடும். குழாயின் முன்முனையை எட்டும் அளவுக்குத் திறந்து, அங்கிருந்து பின்னோக்கிக் காற்றை ஊதுங்கள். பஞ்சு மீண்டும் மீண்டும் வந்தால் பட்டைகளையே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மூன்றாவது மேடு. நெடுநேரம் மலையேறினால் ஆயில் முழுக்கப் பின்னால் தேங்கிவிடும், முன்பக்கம் வறளும். இது பழுதல்ல, வடிவமைப்பின் எல்லை. மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டுபவர்கள் அந்தக் காலத்திலேயே வெளிப்புறமாக இரண்டாவது ஆயில் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். இன்றும் அதுதான் சரியான தீர்வு.

இனி எழுதுவதெல்லாம் 1927 கடைசியில் அறிமுகமாகி 1931 வரை வந்த ஏ மாடலைப் பற்றியது.

அறிகுறி: வெளிக்குழாயில் ஆயில் வரவில்லை

இதுதான் உண்மையான ஆபத்து, ஆகவே இதில் நிதானம் வேண்டும். சோதனை எளிது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வெளிக்குழாயின் மேல்முனையை அவிழ்த்து, கீழே ஒரு தட்டை வையுங்கள். இன்ஜினைக் கிளப்பி மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வால்வு மூடியின் வாயிலிருந்து ஆயில் வழிய வேண்டும். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும், வந்துவிடும்" என்று காத்திருந்த வண்டிகளின் பேரிங்குகளை நான் பிறகு கையில் துகள்களாக வாங்கியிருக்கிறேன்.

*காரணம் 1: அளவு குறைவு.* சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். முழு அளவு ஏறத்தாழ 4.7 லிட்டர். குறைந்திருந்தால் ஊற்றி மறுபடியும் சோதியுங்கள்.

*காரணம் 2: மிகக் கெட்டியான ஆயில்.* பழைய வண்டியை விற்பவர் தட்டல் சத்தத்தை மறைக்கக் கியர்ப் பெட்டி ஆயிலை ஊற்றி வைத்திருப்பது புதிதல்ல. டிப்ஸ்டிக்கிலிருந்து சொட்டுவது தேன்போல் நூலாக இழுபட்டால் சந்தேகப்படுங்கள். முழுவதையும் வடித்துவிட்டு 30 தர ஆயிலோ 15டபிள்யூ-40 ஆயிலோ ஊற்றுங்கள். சத்தம் அதிகமாகக் கேட்கலாம். அந்தச் சத்தம் முன்பே இருந்ததுதான், இப்போது காதுக்கு வருகிறது.

*காரணம் 3: சல்லடை அடைப்பு.* என் அனுபவத்தில் இதுதான் முதலிடம். ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து, ஓர் இரவு சொட்டவிடுங்கள். வடிந்ததை வீசிவிடாமல் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். காந்தத்தோடு நகரும் துகள் இரும்பு. கியரோ ஷாஃப்ட்டோ தேய்கிறது. காந்தத்தைக் கண்டுகொள்ளாத சாம்பல்வெள்ளைத் துகள் பேரிங்கின் வெள்ளை உலோகம். இரண்டாவது வகை நிறைய இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, பேரிங் வேலை தெரிந்தவரிடம் போங்கள். பம்பைச் சரிசெய்து பயனில்லை.

துகள் இல்லை, கறுப்புக் களிதான் இருக்கிறது என்றால் சேம்பரை இறக்குங்கள். இறக்கும்போது ஒரு கையைப் பம்புக்கு அடியில் வையுங்கள். தாங்குவதற்கு எதுவும் இல்லாததால் அது கூடவே கீழே வரும். சல்லடையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் கழுவுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், வலை கிழியும்.

களி எங்கிருந்து வந்தது என்பதையும் யோசியுங்கள். பல பத்தாண்டுகள் பழைய வகை ஆயிலில் ஓடிய இன்ஜினில் திடீரென்று இன்றைய கழுவும் தன்மை கொண்ட ஆயிலை ஊற்றினால், சுவரெல்லாம் ஒட்டியிருந்த கசடு ஒரே மாதத்தில் கரைந்து சல்லடைக்கு வரும். ஆயில் தவறல்ல, சேம்பரை இறக்கிக் கழுவாமல் மாற்றியதுதான் தவறு. கேஸ்கட்டுக்குத் தாராளமாகப் பூசிய சிலிக்கான் பசையும் இப்படித்தான். வெளியே பிதுங்கியது நம் கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும்; அது பிய்ந்து போய்ச் சேருமிடம் சல்லடை. ஒரு வண்டியில் சுண்டுவிரல் நீளத்துக்குச் சிவப்புப் பசை வலையின் மேல் பாம்புபோல் சுருண்டு கிடந்தது. பம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

*காரணம் 4: சுருள்வில் இல்லை.* ஏ மாடலில் பம்பைத் தன் இடத்தில் மேல்நோக்கி அழுத்தி வைப்பது சேம்பருக்கும் பம்புக்கும் நடுவே நிற்கும் ஒரு வில். சேம்பரைக் கழுவும்போது அது எங்கேயாவது உருண்டுவிடும். மாட்டுபவருக்கு அது தெரியாது. வில் இல்லாவிட்டால் பம்ப் கீழே இறங்கும், மேலே இருக்கும் இணைப்பிலிருந்து நழுவும். சேம்பரை இறக்கியதும் இந்த வில் இருக்கிறதா, அதன் நீளம் சுருங்கிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். விலை மிகக் குறைவு, சந்தேகம் இருந்தால் புதிது போடுங்கள்.

*காரணம் 5: பம்பின் அடித்தகடு தேய்ந்திருக்கிறது.* இங்கிருந்துதான் பம்பையே திறக்கிறோம். உள்ளே இரண்டு பல்சக்கரங்கள். அவை உரசி உரசி அடித்தகட்டில் இரண்டு வட்டப் பள்ளங்களை உண்டாக்கியிருக்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறினால் தகட்டைச் சமப்படுத்த வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை ஒட்டி, சில சொட்டு ஆயில் விட்டு, எட்டு எழுதுவதுபோலத் தகட்டைத் தேயுங்கள். பள்ளம் மறையும் வரை பொறுமையாகத் தேய்க்க வேண்டும். இது ஒரு மாலைநேர வேலை, செலவு எமரி தாளின் விலை மட்டும்.

பிறகு பல்சக்கரங்களை உள்ளே வைத்து, பம்பின் விளிம்பில் நேர்க்கோல் ஒன்றைக் கிடத்தி, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்கவும். 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டர் வரை நல்லது. அதைத் தாண்டினால் பம்பின் விளிம்பையும் அதே கண்ணாடியில் கொஞ்சம் இறக்கலாம். அடிக்கடி அளந்து பாருங்கள். அதிகம் இறக்கிவிட்டால் சக்கரம் தகட்டில் பிடித்துக்கொள்ளும், அப்போது உடைவது பம்ப் மட்டுமல்ல.

*காரணம் 6: ஷாஃப்ட்டும் புஷ்ஷும்.* ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். உணரும்படி ஆட்டம் இருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டிய வேலை. புது புஷ் அடித்து, ஷாஃப்ட்டுக்குப் பொருந்தும்படி ரீமர் போட வேண்டும். வீட்டில் முயல வேண்டாம்.

அறிகுறி: புதிதாக வைத்த ஆயில் கேஜில் முள் எழவில்லை

தொழிற்சாலையிலிருந்து ஏ மாடல் ஆயில் கேஜ் இல்லாமல்தான் வந்தது. இன்றைய வண்டியை ஓட்டிப் பழகியவர்களுக்கு அது பயமாக இருக்கிறது, ஒரு கேஜை வாங்கி மாட்டுகிறார்கள், பயம் இரட்டிப்பாகிறது. பேரிங்குகள் பழைய முறைப்படி வெள்ளை உலோகத்தில் இருந்தால், ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பவுண்டு அழுத்தம் காட்டினாலே இந்த இன்ஜினுக்குப் போதுமானது. சூடான இன்ஜின் மெதுவாக ஓடும்போது முள் பூஜ்யத்தில் படுத்துக்கொள்வதும் இயல்பு.

நூறு பவுண்டு வரை காட்டும் கேஜை மாட்டியிருந்தால் அதில் மூன்று பவுண்டு அசைவாகவே தெரியாது. பதினைந்து பவுண்டுக்குள் காட்டும் சிறிய கேஜுக்கு மாறுங்கள். அதற்கும் மேலாக, மேலே சொன்ன வெளிக்குழாய்ச் சோதனையைச் செய்யுங்கள். குழாயில் ஆயில் தாராளமாக வழிந்தால், முள் என்ன சொன்னாலும் நிம்மதியாக ஓட்டுங்கள்.

அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று பம்பின் வழிகளை அடைப்பதோ, வால்வு அறையின் துளைகளைச் சிறிதாக்குவதோ வேண்டாம். எங்கோ ஒரு பேரிங்குக்குப் போகும் ஆயிலைத் திருடித்தான் அந்த முள் உயர்கிறது. கிராங்க்கை (கான்ராடுகள் சுழற்றும் முதன்மைத் தண்டு) துளைத்து, முழு அழுத்த முறைக்கு மாற்றிய இன்ஜின்கள் வேறு இனம். அவற்றுக்கு மாற்றியவர் சொன்ன அளவுதான் கணக்கு.

அறிகுறி: இன்ஜினின் நடுவே கரகர சத்தம், டிஸ்ட்ரிபியூட்டர் ஆடுகிறது

கேம்ஷாஃப்ட்டின் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரே பல்சக்கரத்திலிருந்துதான் மேலே டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் கருவி) கீழே பம்பும் சுழல்கின்றன. ஆகவே பம்பின் துன்பம் டிஸ்ட்ரிபியூட்டரில் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஒருவர் கைப்பிடியால் இன்ஜினை மெதுவாகச் சுற்ற, நீங்கள் உள்ளே சுழலும் ரோட்டாரைப் பாருங்கள்.

ரோட்டார் சீராகச் சுற்றுகிறது, ஆனால் வெளிக்குழாயில் ஆயில் இல்லை என்றால் கோளாறு சக்கரத்துக்குக் கீழே: வில், இணைப்பு, பம்ப். வெளிக்குழாயைப் பற்றிய முதல் அறிகுறியின் காரணம் 3இலிருந்து தொடங்குங்கள்.

ரோட்டார் தயங்கித் தயங்கித் துள்ளுகிறது என்றால் பம்புக்குள் ஏதோ சிக்கிப் பிடிக்கிறது. உடனே நிறுத்துங்கள். இதைத் தொடர்ந்து ஓட்டினால் அடுத்து உதிர்வது சக்கரத்தின் பற்கள். பம்பை இறக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். எண்ணெய் பூசிய ஷாஃப்ட் இரண்டு விரலுக்கு எளிதாகச் சுழல வேண்டும்.

ரோட்டார் சுற்றவே இல்லை என்றால் சக்கரப் பற்களோ முன்பக்க டைமிங் சக்கரமோ போயிருக்கிறது. வண்டியும் கிளம்பாது. கேம்ஷாஃப்ட்டில் உள்ள பற்கள் உடைந்திருந்தால் கேம்ஷாஃப்ட்டையே வெளியே எடுக்க வேண்டும். இது முழு ஓவர்ஹால் தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

பம்பைக் கழற்றும்முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது டைமிங் மாறியிருந்தால், முன்மூடியில் இருக்கும் டைமிங் ஊசியைத் திருப்பிச் செருகி, அது உள்ளே குழியில் விழும் இடத்தைப் பிடித்து முதல் சிலிண்டருக்கு அமைக்கலாம். வெடி வரிசை 1-2-4-3.

அறிகுறி: அடியிலிருந்து தட்டல்

எந்தக் கான்ராடு என்று முதலில் கண்டுபிடியுங்கள். மரப்பிடி உள்ள திருப்புளியின் கம்பியை ஒரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் சிலிண்டர் தலையிலும் ஒரே நேரத்தில் படும்படி வைத்தால் அந்த சிலிண்டர் வெடிக்காது. எந்த பிளக்கில் வைக்கும்போது தட்டல் அடங்குகிறதோ அந்தக் கான்ராடுதான்.

ஒரே ஒரு கான்ராடு தட்டினால் பம்பின் மேல் சந்தேகம் வேண்டாம். பம்ப் நின்றால் எல்லாமே வறளும். ஒன்று மட்டும் வறள்வது அதன் கரண்டியால்: நசுங்கியிருக்கும், அல்லது திருப்பி மாட்டப்பட்டிருக்கும். கரண்டியின் வாய் கேம்ஷாஃப்ட் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்தால் அது ஆயிலை அள்ளாமல் முதுகால் தள்ளிக்கொண்டே போகும். ஓவர்ஹால் முடிந்து வந்த வண்டியில் சில நூறு கிலோமீட்டரில் ஒரு கான்ராடு மட்டும் தட்ட ஆரம்பித்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சேம்பர் தட்டில் அந்தக் கான்ராடுக்கு நேராக உள்ள பள்ளத்தில் களி தேங்கியிருந்தாலும் இதே விளைவு.

எல்லாமே ஒருசேரத் தட்டினால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். வெள்ளை உலோகம் ஊற்றுவதும், மெயின் பேரிங்குகளை ஒரே நேர்கோட்டில் துளைப்பதும் அதற்கென்றே உள்ள பட்டறையில் மட்டும்.

அறிகுறி: பின்னாலிருந்து ஆயில் ஒழுகுகிறது

ஏ மாடலின் பின் மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் கிடையாது. ஓட்டிவிட்டு நிறுத்தியதும் தரையில் சில சொட்டு விழுவது அதன் இயல்பு. ஒரு தட்டு நிறைகிறது என்றால் பாருங்கள்: ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்குறியைத் தாண்டியிருக்கிறதா? பின் பேரிங் மூடியிலிருந்து ஆயிலைத் திருப்பி அனுப்பும் சிறு குழாய் அடைத்திருக்கிறதா? அதிக ஆயில் தள்ளும் வேறு பம்பை யாராவது மாட்டியிருக்கிறார்களா? மூன்றும் இல்லை என்றால் பின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அது பட்டறை வேலை.

அறிகுறி: புதிய பம்ப் மாட்டிய பின் முன்பைவிட மோசம்

இன்று கிடைக்கும் புதிய பம்புகளில் நல்லவை இருக்கின்றன, பெட்டியிலிருந்து எடுத்து நேராக மாட்டக் கூடாதவையும் இருக்கின்றன. பழைய ஃபோர்டு பம்பின் உடல் நன்றாக இருந்தால், அதைப் புதுப்பிப்பதையே நான் விரும்புவேன். வேறு வழியில்லாமல் புதிது வாங்கினால், மாட்டுவதற்கு முன் முழுவதும் கழற்றுங்கள்.

வார்ப்பு மணலைத் தேடுங்கள். ஆயில் போகும் துளைகளின் மூலைகளில் மணல் ஒட்டியிருக்கும். மெல்லிய தூரிகையும் மண்ணெண்ணெயும் காற்றும் போட்டு, கடைசியாக வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஒரு மணியளவு வந்தாலும் மறுபடியும் கழுவ வேண்டும். ஒரே ஒரு மணல் துகள் புது பேரிங்கின் வெள்ளை உலோகத்தில் பதிந்து, கிராங்க்கில் வளையம் வளையமாகக் கோடு போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பல்சக்கரங்களின் உயரத்தை அளந்து பாருங்கள். விளிம்பைவிடச் சக்கரம் உயரமாக இருந்தால் தகடு இறுக்கிப் பிடிக்கும். மிகத் தாழ்வாக இருந்தால் ஆயில் சுற்றிச் சுற்றி உள்ளேயே கசியும். அடித்தகட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே தடித்த காகித கேஸ்கட் வைத்திருந்தால் அதன் தடிமன் முழுவதும் இந்த இடைவெளியோடு சேர்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பம்பின் கழுத்து இன்ஜின் பிளாக்கின் துளைக்குள் நுழையும் இடத்தைச் சோதியுங்கள். பழைய பம்பையும் புதியதையும் மாற்றி மாற்றி நுழைத்து ஆட்டிப் பாருங்கள். புதியது தளர்ந்து ஆடினால், ஏற்றும் ஆயிலில் ஒரு பங்கு அங்கேயே கசிந்து சேம்பருக்குத் திரும்பும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இதைப் பசையால் சரிசெய்ய முடியாது.

வாளிச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். சுத்தமான ஆயில் உள்ள வாளியில் பம்பின் சல்லடைப் பக்கத்தை அமிழ்த்தி, மேலே ஷாஃப்ட்டை ரோட்டார் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். சில சுற்றுகளில் வெளிவாயில் ஆயில் பொங்கி வர வேண்டும். விட்டு விட்டுக் குமிழியோடு வந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது: வார்ப்பில் ஊசித்துளை இருக்கலாம், தகடு சமமாக அமராமல் இருக்கலாம். விரிசலோ ஊசித்துளையோ உள்ள பம்பை அடைத்து ஒட்டிப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை.

எல்லாம் தேறினால், பல்சக்கரங்களின் இடையே வாசலைனைப் பூசி மூடுங்கள். முதல் சுற்றிலேயே ஆயிலைப் பிடித்து இழுக்க அது உதவும். வில்லை அதன் இடத்தில் நிறுத்தி, சேம்பரை மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு அந்தத் துளை வழியாக ஒரு லிட்டர் ஆயிலை மெல்ல ஊற்றினால் வால்வு அறையும் பேரிங்குகளும் நனைந்துவிடும். அந்த ஒரு லிட்டரையும் மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப வைத்து, ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி, வெளிக்குழாயின் மேல்முனையைத் திறந்து வைத்துக் கைப்பிடியால் சுற்றுங்கள். நேரம் எடுக்கும், கை வலிக்கும். வாயில் ஆயில் எட்டிப் பார்த்த பிறகு குழாயையும் பிளக்குகளையும் மாட்டி, டிப்ஸ்டிக்கை ஒருமுறை பார்த்துவிட்டு இன்ஜினைக் கிளப்புங்கள்.